ஏழு நாள் பால்

ஊசி போட்டுவிட்டு டாக்டர் சொன்னார்:
ஏழு நாளைக்கு இந்தப் பால் யாருக்கும் ஆகாது.
குட்டிக்கும் வேண்டாம், காபிக்கும் வேண்டாம்.
கறந்து கொட்டு.
கறக்காமல் மட்டும் விட்டுவிடாதே.

இடது மடி கல்லாக இருந்தது.
கை வைத்தால் சூடு,
அப்போதுதான் கிண்டி இறக்கிய களியுருண்டை போல.
தொட்டதும் காலை உதறிச்
சொம்பைத் தட்டிவிட்டாள்.

கறவை மூன்று.
ஒன்று வற்றிக்கொண்டு வருகிறது,
ஒன்றுக்கு இரட்டைக் குட்டி.
காலை ஒன்றேகால் லிட்டர், மாலை முக்கால் என்று
வீட்டை நடத்துவது இவள்தான்.
குழுக் கடனில் வாங்கியதால்
லோனு என்று பேர் வைத்தான் சின்னவன்.
பேரும் ஒட்டிக்கொண்டது, வட்டி மாதிரி.

ஓசூர் ரயிலுக்குக் கிளம்பும் அவசரத்தில்
இவர் சொன்னார்:
"மத்ததோட கலந்து ஊத்து.
யாருக்குத் தெரியப்போவுது?"
சட்டைப் பொத்தானைப் பார்த்துத்தான் சொன்னார்,
என்னைப் பார்த்து அல்ல.
எனக்கு அது போதுமாக இருந்தது.

யாருக்கென்றால்,
ஓசூர் அப்பார்ட்மெண்டில் ஒரு குழந்தைக்கு.
மாட்டுப்பால் குடித்தால் கக்கிவிடுமாம்.
வாட்ஸ்அப் படத்தில் பார்த்ததுதான்:
காதை மூடிய மஞ்சள் குல்லா,
கீழே இரண்டு பல்.
அவங்கப்பா ஒருநாள் விட்டு ஒருநாள்
பைக்கில் வந்து வாங்கிப்போவார்.
போன் போட்டு ஒரு வாரம் இல்லை என்றேன்.
"ஒரு டம்ளர்கூடவா அக்கா?"
ஒரு டம்ளர்கூட.

மாமரத்துக்கு அந்தப்பக்கம் குழி வெட்டினேன்.
ஊற்றி, நாய் நக்காமல் மண்ணைத் தள்ளி,
மேலே ஒரு கல்.

போன சித்திரையில்
ராயக்கோட்டை மண்டியில் விலை போகாமல்
பதினாலு கூடைத் தக்காளியைப்
பாலத்தடியில் கவிழ்த்துவிட்டு வந்தோம்.
தக்காளியை ஒருமுறை கொட்டினால் தீர்ந்தது.
இது காலையும் மாலையும்,
பதினாலு முறை.

குட்டியைத் தனியாகக் கட்டினேன்.
இரட்டைக்காரியிடம் திருடிய பால்
பாட்டிலில் அதற்கு.
குடித்த பிறகும் கத்தியது.
பட்டுப்புழு தின்று கழித்த மல்பெரிக் குச்சிகளை
அள்ளிவந்து லோனுக்குப் போட்டேன்.
பட்டையை உரித்துத் தின்றபடி
குட்டி கத்தும் பக்கமே பார்த்திருந்தாள்.

ஐந்தாம் நாள்தான் கஷ்டம்.
திரி இல்லை, மஞ்சள் இல்லை,
நுரை கட்டி வந்தது பால்.
பார்வைக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது.
வியாழக்கிழமை தவணை ஆயிரத்து நூறு.
குழிக்கு முன்னால் சொம்போடு
கொஞ்ச நேரம் நின்றேன்,
எவ்வளவு என்று தெரியவில்லை.
வேலிக்கு அப்பாலிருந்து நஞ்சக்கா குரல்:
"பாலைக் கொட்டுறவ ஊட்டுல லச்சுமி நிக்கமாட்டா."
"நிக்க வேணாக்கா, உக்காரட்டும்."
சிரித்தாளா என்று பார்க்கவில்லை.
கொட்டிவிட்டேன்.

தவணைக்குக் கொலுசு போனது.
எப்போதும் போகிற கொலுசுதான்,
வழி அதற்கே தெரியும்.

எட்டாம் நாள் மடி மெத்தென்று இருந்தது.
ஆனாலும் ஒரு கையால் சொம்பைப் பிடித்துக்கொண்டே கறந்தேன்.
அவளும் காலைத் தூக்கி,
அந்தரத்தில் நிறுத்தி,
யோசித்து, கீழே வைத்தாள்.

போன் போட்டேன்.
"டப்பாப் பவுடர் பழக்கிட்டோங்க்கா,
ஒத்துக்கிச்சு. வேணும்னா நாங்களே கூப்பிடறோம்."
நல்லா இருக்கட்டும் என்றேன்.
மனசாரத்தான் சொன்னேன்,
வைத்த பிறகுதான் வயிறு எரிந்தது.

ரெண்டு வருசமாகக் கறக்கிறேன்.
அன்றைக்குத்தான் முதல்முறை
எங்கள் அடுப்பில் அந்தப் பால் ஏறியது.
டீயை ஒரு வாய் குடித்து
"ஆட்டு வாடை" என்றார்.
டம்ளரை நீட்டினார், இன்னும் கொஞ்சம் என்று.
இப்போது என்னைப் பார்த்து.

மீதி ஒன்றரை லிட்டருக்கு ஆள் பிடிக்கணும்.
ஸ்டேஷன் டீக்கடை சென்றாயன்
ஆட்டுப்பால் வேண்டாம் என்பான்.
ரயில் வருவதற்குள்
ஒரு எட்டு போய்க் கேட்டுவிட்டு வரணும்.