துணிதல்

கொம்பனித்தெரு ஜஹூருக்கு
மணிக்கட்டில் பதினொரு தையல்.
எங்கள் ஆய்வுகூடத்தில் குடுவை கழுவும் தொட்டிக்குள்
உடைந்து கிடந்த கண்ணாடி
அவனது சுண்டுவிரலை அவனிடமிருந்து பிரித்து
இன்றைக்கு அறுபத்து மூன்று நாள்.
விரல் இருக்கிறது.
"வேற யாருடையோ விரலக் கடனா வாங்கி
மாட்டின மாதிரி, மிஸ்" என்கிறான்.

பெரியாஸ்பத்திரியில் நரம்பைத் தைத்த டொக்டர்
ஒன்றைச் சொல்லி அனுப்பியிருந்தார்:
தினமும் தட்டிப் பார்,
சுரீர் என்றால் அதுவரை வந்துவிட்டது.
ஆகவே தேநீர் நேரத்தில்
வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து
விரல் நுனியிலிருந்து மணிக்கட்டை நோக்கித்
தட்டிக்கொண்டே வருவான்,
சுவருக்குள் எங்கே பொள்ளல் என்று தேடும் மேசனைப் போல.
சுரீர் என்ற இடத்தில் நீலப் பேனையால் ஒரு கோடு.
சவர்க்காரத்தில் அது அழியும்.
மறுநாள் வேறு கோடு,
எள்ளளவு முன்னே,
சில நாள் அதுவும் இல்லை.

நான் கதவுக்கு இந்தப் பக்கம்.
வென்னப்புவையிலிருந்து பனிப்பெட்டியில் வரும்
முட்டைக் கருக்களின் நரம்புக்கலங்கள்.
நுணுக்குக்காட்டியின் கீழே ஒவ்வொரு நுனியும்
பூட்டிய வீட்டில் சுவிட்சைத் தேடும் கை.

எண்ணெயால் ஆன சுவர் அது.
வெளியே வளர்ச்சிக் காரணி வந்து தட்டும்.
உள்ளே சுவரோடு ஒட்டி நிற்கும் நொதியம்
ஓடிப்போய்ச் செய்தி சொல்வதில்லை;
சுவரின் ஒரு கல்லையே இரண்டாக வெட்டுகிறது.
தலை நீரில் விழுந்து ஓடுகிறது,
களஞ்சியக் கதவு திறக்க
கல்சியம் கொட்டுகிறது.
வால் எங்கும் போவதில்லை.
எண்ணெய்க்குள் இருந்தபடியே
அடுத்த நொதியத்தின் சட்டையைப் பிடித்து இழுக்கிறது.
பிறகுதான் நுனி நகர்கிறது.
காகிதம் வாங்க வழியில்லாத வீடு,
சுவரைக் கிழித்து எழுதுகிறது.

பாடப்புத்தகத்தில் இதற்குப் பிளத்தல் என்று பெயர்.
என் வாயில் வேறு சொல் ஊறுகிறது:
துணித்தல்.
ஒரு 'த்' உதிர்ந்தால் துணிதல்.
வெட்டுவதற்கும் முடிவெடுப்பதற்கும் நடுவில்
என் மொழியில் அரை மாத்திரைதான் தூரம்.

மூன்றாம் வரிசைக் கிண்ணங்களில்
வெட்டுவதை நிறுத்தும் மருந்தை
நானேதான் விட்டேன். பத்து மைக்ரோலீற்றர்.
சுவர் முழுசாக இருக்கிறது, ஒரு கீறல் இல்லை.
வெளியே தட்டுகிறது, தட்டிக்கொண்டே இருக்கிறது.
நுனிகள் சுருண்டு நின்றுவிட்டன.
சமன்மலி படத்தைப் பார்த்துக் கைதட்டினாள்,
இவ்வளவு தெளிவான வித்தியாசம்
இந்த வருடம் எங்களுக்குக் கிடைக்கவில்லை.
நானும் சிரித்தேன்.
கதவிடுக்கால் வாளி தெரிந்தது.

சுண்டுவிரல் நுனிக்கு இன்னும் பன்னிரண்டு சென்ரிமீற்றர்.
நாளுக்கு ஒரு மில்லிமீற்றர் என்று வைத்து
பெருநாளுக்குள் சேர்ந்துவிடும் என்று
கலண்டரில் கணக்குப் போட்டிருக்கிறான்.
எல்லா நாளும் ஒரு மில்லிமீற்றர் இல்லை.
நான் திருத்தவில்லை.

நாலரைக்குக் கரண்ட் போனது.
ஜெனரேட்டர் பிடிக்கும் வரை
மருதானைப் பக்கம் ரயில் போகிற சத்தமும்
இன்கியுபேட்டரின் கீச்சும்.
அதற்குள்ளே
எலும்பின் மேல் ஒரு நகம்:
டொக். டொக். டொக்.
நின்றது.

"மிஸ், பேனை எங்க?"

"எவ்வளவு வந்திருக்கு?"

"இருட்டுல தெரியல்ல.
ஆனா நேத்தையத விட அங்கால."

லைட் வந்தபோது அவன்
அந்த இடத்தைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்தபடி
அசையாமல் உட்கார்ந்திருந்தான்,
கூச்சம் பின்னாலே ஓடிவிடாதபடி.
பேனை என் சட்டைப் பையில் இருந்தது.