திருகாணி

பத்தமடைப் பாய் என்று நினைத்துவிடாதீர்கள்.
ஊதா நிற ரப்பர். வண்ணார்பேட்டையில்
தள்ளுபடி போட்ட அன்று வாங்கியது.
பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே
நட்டமாக நிற்கிறது ரொம்ப நாளாய்,
யாரும் உட்காரச் சொல்லாத விருந்தாளிபோல.

மார்கழி வெள்ளம் சிந்துபூந்துறைக்குள் வந்தபோது
அதுவும் மிதந்தது.
அரிசி டிரம், காலி சிலிண்டர்,
குத்தாலிங்கத்தின் ஒற்றைச் செருப்பு, பாய்.
கழுவிக் காயப்போட்டுச் சுருட்டினேன்.
அதன் வரிப்பள்ளங்களில்
ஆற்று வண்டல் இன்னும் இருக்கிறது.

காரணங்களுக்கு எனக்குப் பஞ்சமில்லை.
சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த பிறகு.
பிள்ளைக்கு நீட் முடிந்த பிறகு.
ஆனித் தேர் நிலைக்கு வந்த பிறகு.
சாரல் பிடித்து வெக்கை தணிந்த பிறகு.
சாரல் பிடித்தது.
குளிருதே, கொஞ்சம் வெயில் வரட்டும் என்றேன்.

பார்சல் ஆபீசில் கோமு கேட்பாள்:
"ஏட்டி, நாளைக்கா?"
"திங்கக்கெழம."
"எந்த மாசத்துத் திங்கட்டி?"
எனக்குச் சிரிப்பு வரும். எடை போடுவேன்.
பூக்கூடை, வாழையிலைக் கட்டு,
சாக்குச் சுற்றிய மோட்டார் சைக்கிள்.
பதினெட்டு வருஷத்தில்
முழுசாய்த் தயாரான பார்சல் ஒன்றைக்கூட
நான் பார்த்ததில்லை.
கயிறு ஒரு பக்கம் அவிழ்ந்தபடி,
விலாசத்தில் மை காயாதபடிதான்
எல்லாம் வண்டி ஏறுகிறது.
இதைக் கோமுவிடம் சொல்லவில்லை.

நேற்று விடியக்காலம் நாலே முக்கால்.
ஆறு மணி டூட்டி. கரண்ட் இல்லை.
கம்மல் மாட்டும்போது திருகாணி நழுவி
டிங் என்று ஒரு சத்தம்,
அப்புறம் உருளும் சத்தம்,
அப்புறம் ஒன்றுமில்லை.

செல்போன் வெளிச்சத்தைத் தரையில் சாய்த்து வைத்து
இரண்டு உள்ளங்கையும் ஊன்றி
முழங்காலை நிமிர்த்தி இடுப்பைத் தூக்கி
தலையைத் தொங்கவிட்டு
பீரோவுக்கு அடியில் பார்த்தேன்.
தூசி. பல்லி முட்டை ஓடு. ஒரு பத்து ரூபாய்க் காசு.

கெண்டைக்கால் சுண்டி இழுத்தது.
அந்த இழுப்பு எனக்குத் தெரிந்த இழுப்பு.
கல்யாண வீட்டுப் பந்தியில்
முகம் தெரிந்து பேர் வராத ஆள் எதிரே இருப்பாரே,
அப்படி முழித்துக்கொண்டு தொங்கினேன்.
பிறகு பேர் வந்தது.

அட, இதுதானே அது!
மண்டபத்து மாடியில் இருபது பேர் வரிசையாய்
நாய் சோம்பல் முறிப்பதுபோல் நின்றோமே.

நைட்டியில் இருந்தேன். பல் தேய்க்கவில்லை.
ஒரு காதில் கம்மல், ஒரு காது மூளி.
குத்தாலிங்கம் புரண்டு படுத்து
"என்னத்தத் தேடுதே?" என்றார்.
"கெடச்சிட்டு."
கிடைக்கவில்லை.
எழுந்திருக்க மனசில்லை, அவ்வளவுதான்.

ஐந்து மூச்சு என்று நினைத்தேன்.
மூன்றாவதில் கை நடுங்கியது. முட்டி போட்டேன்.
பைய, மறுபடி ஏறினேன்.
அதுவும் மூன்றுதான்.
அப்புறம் மல்லாந்து
காலிரண்டையும் சுவரில் சாய்த்தேன்.
சுண்ணாம்பு இன்னும் அடிக்காத சுவர்.
வெள்ளம் நின்ற கோடு
காவி நிறத்தில் அப்படியே இருந்தது.
என் குதிகால் அதற்கு ஒரு சாண் கீழே.
சந்திப்பில் ஏதோ வண்டி ஊதியது.
எந்த வண்டி என்று
முதல்முறையாக நான் யோசிக்கவில்லை.

திருகாணி சாயங்காலம் பெருக்கும்போது கிடைத்தது,
வாசல் மிதியடியில்.
பீரோ பக்கமே போகவில்லை அது.

இன்று எதுவும் கீழே விழவில்லை.
இரண்டு காதிலும் கம்மல் இறுக்கமாக.
கரண்ட் இருந்தது. இடுப்பு நேற்றைவிட மோசம்.
பாய் நின்ற இடத்திலேயே நிற்கிறது,
அதற்கு இன்னும் சொல்லவில்லை.
வெறுந்தரையைக் கொஞ்ச நேரம் பார்த்தேன்.
பிறகு குனிந்தேன்,
எதையோ தேடுகிறவள்போல.