அரிசி நீளத்து மனிதன்

டூமா வீதி வீட்டு மாடியில்
புயலைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.
நாளொன்றுக்கு உள்ளங்கை அகலம்.

மேலழுக்குக்கு எச்சிலைப்போல் சாதுவான மருந்து இல்லை.
மூங்கில் குச்சியில் பஞ்சைச் சுற்றி
நாக்கில் தொட்டு
மேகத்தில் உருட்டுகிறேன்.
பஞ்சு தேநீர் நிறமாகிறது.
அதற்கும் கீழே வார்னிஷ்.
அதற்குக் கண்ணெரியும் கரைப்பான்.

ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தொன்று.
வரைந்தவன் பெயரில் முதலெழுத்து மட்டும் மிச்சம்.
காலணி நனையாத தூரத்தில் நின்றிருக்கிறான்.
அங்கிருந்துதான் அலை கோபுரமாகும்.
கோபுரத்தின் அடியில், அளவு தெரிவதற்காக,
அரிசி நீளத்தில் ஒருவன்
கட்டுமரத்தில் மண்டியிட்டு.

"கும்பிடுறான்" என்றார் மதாம் கிளோதில்து அருளாந்து.
அவர் மாமனாரும் விளக்கைத் தூக்கிப் பிடித்து
விருந்தாளிகளிடம் அப்படித்தான் சொல்வாராம்:
இயற்கைக்கு முன்னால் நாம் எம்மாத்திரம்.

எனக்கு சோனங்குப்பம்.
தானே அடித்த இரவில்
எங்களுக்கு வானம் தெரியவில்லை, அலையும்.
கட்டிலுக்கடியில் ஐந்து பேர்.
ஓடு ஒவ்வொன்றாய்ப் பறக்கும் சத்தத்தைத்
தம்பி எண்ணிக்கொண்டிருந்தான்.
நூற்றுப் பதினேழில் விட்டுவிட்டான்.
பிரம்மாண்டம் என்ற சொல்
மின்சாரம் வந்தபிறகு டிவியில்தான் வந்தது.

மூன்றாம் வாரம் வியாழக்கிழமை
வார்னிஷ் கரைந்த இடத்தில் நீலம்.
மாசி மாதத்துக் காலை நீலம்.
இடியிறங்கக் காத்திருந்த கருப்பெல்லாம்
சுருட்டுப் புகை, மெழுகுவர்த்திக் கரி,
நூற்றெழுபது வருட விருந்து.
அலை மட்டும் அதே உயரம்.
இந்தக் கரையில் மூன்றாம் மடிப்பு
எந்த நாளும் அப்படித்தான் எழும்.

பிறகு அவன்.
பூதக்கண்ணாடிக்குள் கைகள் பிரிந்தன.
பழுப்புக்குள் பழுப்பாய்க் கிடந்தது
பிளந்த மூங்கில் துடுப்பு.

கட்டுமரத்தில் எல்லோரும் மண்டியிட்டுத்தான் தள்ளுவார்கள்.
என் தம்பி முழங்காலில் இரண்டு காய்ப்பு,
கோயில் பக்கமே போகாதவன்.

மதாம் வெகுநேரம் பார்த்தார்.
"புயலத் தொலைச்சிட்டியேம்மா."
இடது மூலையில் மட்டுமாவது
கொஞ்சம் இருட்டைத் திரும்பப் போட முடியுமா என்றார்.

தொலைக்கவில்லை.
ஜன்னலோரம் ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கிறது,
முக்கால் பாட்டில், பழுப்புப் பஞ்சாக.
திறந்து கொடுத்தேன்.
முகர்ந்துவிட்டு,
"மாமா" என்றார்.