கோட்டம்

தயாபரன் அனுப்பிய படத்தில்
ஏரி ஒரு சிமெந்துத் தரை மாதிரி.
அதில் சதுரமாய் ஓர் ஓட்டை.
ஓட்டைக்கு மேல் கறுப்புக் கூடாரம்,
உள்ளே ஒரு வாங்கு, ஒரு மண்டா,
நூலில் தொங்கும் ஒரு பொய் மீன்.
"கடை மீன் சரியில்லை மச்சாள்,
நேரே போகுது, நேரே நிக்குது.
வட்டமடிக்கிற மாதிரி ஒண்டு செய்து அனுப்பு."

மல்லாவிச் சந்திக்கு இங்கால்
சைக்கிள் திருத்துகிறவள் நான்.
சில்லில் கோட்டம் எடுக்கத் தெரியும்.
கோட்டம் வைக்கச் சொல்லி
இதுவரை ஆரும் கேட்டதில்லை.

முருக்கங்கொப்பு ஒரு சாண்.
காய்ந்தால் நகம் இறங்கும் மெதுமை.
போத்தல் ஓட்டால் சுரண்டச் சுரண்ட
முதலில் கத்தரிக்காய் வந்தது,
பிறகு ஓர் எலி,
மூன்றாம் நாள் பின்னேரம்தான் மீன்.
மட்காட் தகரத்தில் செட்டைகள்.
சில்லுக் கம்பியை வளைத்து முதுகில் கொளுக்கி.
வயிற்றைக் குடைந்து ஈயம்.
இந்த மண்ணில் ஈயத்துக்குப் பஞ்சமில்லை;
நான் ரயர்க்கடையில்
காசு கொடுத்துத்தான் வாங்கினேன்,
வான் சில்லில் அடிக்கிற சின்னக் கட்டிகள்.
பால்ரின்னில் உருக்கி ஊற்ற
மரம் சீறிப் புகைந்தது.

பஞ்சர் பார்க்கிற பேசின் போதவில்லை,
தண்ணிப் பரலுக்கு மாறினேன்.
முதல் மீன் தலைகீழாய்ப் போனது.
இரண்டாவது மிதந்தது, பொச்சு மாதிரி.
மூன்றாவதில் ஈயத்தை நெஞ்சுப்பக்கம் நகர்த்தி
வாலை இடப்பக்கம் ஒரு நூல் வளைத்தேன்.
இழுத்து விட
அது திரும்பி
இன்னும் திரும்பி
தன் வாலைத் தானே பார்க்க வந்தது.

என்ன நிறம் என்று கேட்டேன்.
"கீழ எல்லாம் பச்சையாத்தான் தெரியும்."
அந்த மீனுக்கு எதில் கோபம் என்று கேட்டேன்.
மூன்று நாள் பதில் இல்லை, அவனுக்கு இரவு வேலை.
பிறகு குரல் வந்தது:
"தெரியேல்லை. பெரிசு ஒண்டு வரும்,
பாக்கும், போகும்."

எங்கட விரால் அப்படியில்லை.
மாரியில் சிவந்த குஞ்சுகள் கொத்தாய்ப் பொங்கும்,
அடியில் தாயும் தகப்பனும்.
அப்போது பசி இல்லை அதற்கு.
கிட்ட வருகிற எதையும் கடிக்கும்,
இலையை, அறுந்த செருப்பை,
என் கியூட்டெக்ஸ் பூசிய பொய்யை.

மரியசீலன்தான் வவுனிக்குளத்துக்குக் கொண்டுபோனான்.
சல்வீனியா மூடிய ஓரத்தில்
கத்தியால் ஒரு பாய் அகலம் வெட்டி விலக்கி
தலையைச் சாக்கால் மூடிக்கொண்டு
நூலை இறக்கினானாம்.
"இருட்டுக்குள்ள தண்ணி மெல்லத் தெளிஞ்சு வந்தது.
உங்கட மீன் இடப்பக்கம் திரும்பிச்சுது.
அவ்வளவுதான் அக்கா,
நூல் கையை அறுத்துப்போட்டுது.
மண்டா மடியில கிடந்தது,
எடுக்க மறந்திட்டன்."

திருப்பித் தந்த மீனில்
சிவப்பு உரிந்திருந்தது.
விலாவில் பதினொரு பல்லுக்குறி.
அரத்தாளை எடுத்தேன்.
வைத்தேன்.
எடுத்தேன்.
பிறகு அதைச் சைக்கிள் பிறேக் கட்டைக்குப் பாவித்தேன்.

தபால் கந்தோர்ப் படிவத்தில்
உள்ளடக்கம் என்று ஒரு கோடு.
மீன் என்று எழுதினேன்.
"மீன் அனுப்பேலாது" என்றாள் அந்தப் பிள்ளை.
மரம் என்றேன்.
"மரமெண்டால் கடிதம் வேணும்."
கடைசியில் விளையாட்டுச் சாமான்,
பெறுமதி முந்நூறு ரூபா,
நிறை இருநூற்றுப் பன்னிரண்டு கிராம்.
விலாவில் விரலை வைத்துக் கேட்டாள்:
"கடிபட்ட மாதிரிக் கிடக்கு, பழுதோ?"
ஓம் என்றேன்.
முத்திரையை நாக்கில் நனைத்து ஒட்டினாள்.

கடைக்கு வர
கோட்டம் எடுக்க ஒரு சில்லு காத்திருந்தது.
கவட்டில் மாட்டிச் சுழற்றிவிட்டு
ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தேன்.
இடப்பக்கம்தான் இழுத்தது.
நிற்கும்வரை
சாவியைத் தொடவில்லை.