உட்கொண்டது: நூறு மில்லி

வந்த அன்று முந்நூற்றுப் பதினொன்று.
கணுக்காலை அழுத்தி விரலை எடுத்தால்
குழி அப்படியே நின்றது,
ஈர மணலில் மிதித்த தடம்போல.

எலெயுதேரியோ பராவோனா, வயது எழுபத்தொன்று.
வல்பராய்சோவின் குன்றேறும் கம்பிவடப் பெட்டியை
முப்பத்தொன்பது வருடம் இயக்கியவர்.
ஒரு பெட்டி ஏற மறுபெட்டி இறங்கும்,
நடுவழியில் இரண்டும் உரசாமல் விலகும்,
அவ்வளவுதான் என் வேலை என்றார்.
மூன்று சொல்லுக்கு ஒருமுறை மூச்சு அறுந்தது.

ஐந்து நாளில் ஆறு கிலோ நீர் வடிந்தது.
விடிந்ததும் தராசு.
நாளுக்கு ஒன்றரை லிட்டர்,
அதற்குமேல் ஒரு மிடறு கிடையாது.
சூப்பை அளந்தோம். உதட்டில் வைத்த பனிக்கட்டியையும்.
சர்க்கரையும் கூடவே இறங்கிக்கொண்டு வந்தது.
பயிற்சி டாக்டர் லவுத்தாரோவுக்கு அதில் ஒரு பெருமை;
'நூற்று நாற்பதுக்குக் கீழே' என்று எழுதி
அடியில் இரண்டு கோடு இழுத்தார்.

நேற்று ராச்சாப்பாடு பாதிக்குமேல் தட்டிலேயே கிடந்தது.
இன்சுலின் மட்டும் முழு அளவு போயிருந்தது.
போட்டது நான்தான்.

மூன்று மணி பத்து.
நடுக்கமில்லை. படபடப்புமில்லை.
இதயத்தை அடக்கி வைக்க நாங்கள் தரும் மாத்திரை
அதன் கூக்குரலையும் சேர்த்தே அடக்கிவிடும்.
தலையணை மட்டும் தொப்பலாக நனைந்திருந்தது.
கழுத்தைத் தொட்டேன், சந்தை மீன் குளிர்ச்சி.
"பெட்டி நிற்க மாட்டேங்குது, மார்தீனா,
பிரேக்கைப் பிடி" என்றார்.
மார்தீனா யாரென்று எனக்குத் தெரியாது.

நாற்பத்தெட்டு.

நிமிர்த்தி உட்காரவைத்து
பீச் பழச்சாறு, சின்ன டம்ளரில்,
விழுங்குங்க, விழுங்குங்க.
பிறகு பதினைந்து நிமிடம்.
துறைமுகத்தில் ஏதோ கப்பல் இருமியது.
அடுத்த கட்டிலில் யாரோ புரண்டார்கள்.
எழுபத்தொன்பது.
"யஸ்னா" என்றார். சரியான பெயர்.

அதற்குப் பிறகு தாள்.
சர்க்கரைக் கட்டத்தில் நாற்பத்தெட்டு.
நீர்க் கட்டத்தில் பேனா கொஞ்சம் தயங்கியது.
ஆளைத் திருப்பிக் கொண்டுவந்த சாறுக்கும்
விலக்கு இல்லை.
உட்கொண்டது: நூறு மில்லி.

போனில் டாக்டர் நெடுநேரம் பேசவில்லை.
காலையில் தானே வந்து 'கீழே'யை அடித்தார்,
நூற்று நாற்பதிலிருந்து நூற்றெண்பதுக்குள் என்று எழுதினார்.
இம்முறை கோடு போடவில்லை.

தராசில் ஏறினார் பராவோனா.
நேற்றைவிட நூறு கிராம் கூடுதல்.
லவுத்தாரோ என்னைப் பார்க்க
நான் ஜன்னலைப் பார்க்க
மேலே நின்றபடியே சொன்னார்:
"அது பீச்."