என்ன கேஸ்?

தண்டையார்பேட்டை ஆஸ்பத்திரியில்
ராத்திரிச் சீட்டு எழுதுகிறவள் நான்.
கம்பி வலைக்குப் பின்னால் ஒரு மேசை,
யாரும் தூக்கிப் போகாதபடி நூலில் கட்டிய பேனா.
பேர் கேட்பேன், வயசு கேட்பேன்,
அப்புறம் தலை நிமிராமல்
என்ன கேஸ்?

இந்த ஒரு கேள்விக்குத்தான்
இருபத்தொரு வருஷமாய்ச் சம்பளம்.

பிரசவம் ஒரு கேஸ். தூக்க மாத்திரை ஒரு கேஸ்.
காசிமேட்டில் விசைப்படகு ரோப்பில்
சுண்டுவிரல் போனவன்
அதைத் தூக்குவாளி ஐசில் போட்டு எடுத்து வந்து
"கை கேஸு மேடம்" என்று மேசையில் வைத்தான்,
வேறு யாருடையதையோ
ஒப்படைக்க வந்தவன் போல.

தேசம்மா வந்தது கார்த்திகையில்,
மழை விட்டு மூன்றாம் நாள்.
மணி ஒன்று நாற்பது.
முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள்.

என்ன கேஸ்?
"கேஸு."
அதாம்மா, என்ன கேஸ்?
"கேஸும்மா… கேஸு."

பின்னால் நின்ற யாரோ சிரித்தார்கள்.
நானும் சிரித்திருப்பேன், கொஞ்சம்.

கூட வந்த மகன் எட்டியப்பன்
அவுட்போஸ்ட் போலீஸ்காரரைப் பார்த்துக்கொண்டே
குரலைத் தாழ்த்திச் சொன்னான்:
"அடிதடி மேடம். ரெண்டு வருஷம் ஆவுது.
வாய்தாவுக்குக் கரெக்டா போறேன்."

உன்னை யார் கேட்டது என்றேன்.

ராத்திரி கண்டதைத் தின்றிருப்பாள் என்று நினைத்து
வாயு என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டுக் கிழித்துக் கொடுத்தேன்.
உள்ளே ஒரு மாத்திரையும் தண்ணியும் கொடுத்து
பெஞ்சில் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள்.

இரண்டு மணிக்கு ஓர் ஆட்டோவில் ஏழு பேர்.
அடுத்ததில் ஒரு கைக்குழந்தை.
லைனில் வாங்க, லைனில் வாங்க என்று கத்தினேன்.
"மூணாவது லைன் மேடம்" என்றார்கள்,
"எல்லாரும் மூணாவது லைன்தான்."
தெருவைச் சொல்கிறார்கள் என்று புரிய
எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

அதற்குள் ஜன்னல் வழியே எனக்கும் வந்துவிட்டது:
வெயிலில் காய்ந்த மூத்திரச் சுவரை
மூக்குக்குள் அறைந்தது போல் ஒரு நெடி.
கண் எரிய, எழுத்து கரைய,
வடக்கே எந்த கம்பெனியில் எந்தக் குழாய் என்று
ஒருவருக்கும் தெரியாத அந்தக் காற்றில்
ஓடிப்போய்ப் பார்த்தால்
தேசம்மா பெஞ்சில் இல்லை,
தரையில் இருந்தாள்.

நர்ஸ் கத்துகிறாள்: "லைன் போடு, லைன் போடு."
நரம்பு கிடைக்கவில்லை.
எட்டியப்பன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு
போலீஸ்காரரை மறந்திருந்தான்.

இங்கிலீஷில் இரண்டுக்கும் வேற வேற எழுத்தாம்.
ஒன்றுக்கொன்று ஒட்டே கிடையாதாம்.
எங்கள் பக்கம் வந்ததும்
ஒரே வாசல், ஒரே ரேஷன் கார்டு.

காலையில் டிவியில் சொன்னார்கள்,
நிலைமை நார்மல்.
எங்கள் ஆஸ்பத்திரியில் நார்மல் என்றால்
கத்தி வைக்காமல் பிள்ளை பிறந்தது என்று அர்த்தம்.

பிழைத்துக்கொண்டாள். படி ஏற மட்டும்
இரண்டு தடவை நிற்க வேண்டும்.
மாசியில் ஒரு வக்கீலோடு வந்தாள்.
அந்த கேஸுக்கு ஒரு கேஸ் போட்டிருக்கிறார்களாம்.
அன்றைக்கு ராத்திரிச் சீட்டு வேண்டுமாம்.

கட்டு கட்டாய்ப் புரட்டி எடுத்தேன்.
என் கையெழுத்து. என் மை.
வாயு.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்:
சார், நான் நினைத்தது வயிறு.

வக்கீல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.
"வாயு. பிரமாதம். முதல் சீட்டே இதுதான்.
ஒரு மணி நாற்பதுக்கே தெளிவா எழுதியிருக்கீங்க.
கோர்ட்டில் கேட்டால் சொல்வீங்களா?"

தேசம்மா என்னைப் பார்த்தாள்.
அவளுக்குத் தெரியும், அந்த மாத்திரையின் ருசி.
ஒன்றும் சொல்லவில்லை.

எழுதியது நான்தான் சார் என்றேன்.