விகுதி

ஆறு பிரதி கொடுக்க வேண்டுமாம்.
ஒன்றையே இன்னும் முடித்தபாடில்லை.

ஆரம்பாக்கம் ஜெராக்ஸ் கடையில் கரண்ட் இல்லை.
"வந்ததும் போட்டுத் தரேன், எழுதிட்டு இரு"
என்று பெஞ்சைத் துடைத்துவிட்டாள் ஹசீனா.
மடியில் பரீட்சை அட்டை, அவள் மகனுடையது.

அனுப்புநர்: செ. தேசராணி, லைன் நான்கு,
சார்ஜர் பேக்கிங், தடா.
பெறுநர்: உள்ளகப் புகார்க் குழு.
பொருள்:
அதற்கு நேரே இடம் விட்டிருக்கிறேன்.

நான் எழுதியதெல்லாம் லீவ் லெட்டர்தான்.
காய்ச்சலும் தலைவலியுமாக இருப்பதால்.
அந்த 'இருப்பதால்' இங்கேயும் வந்து
உட்கார இடம் தேடுகிறது.

தேதி கேட்கிறார்கள்.
எனக்குத் தேதியாக ஞாபகமில்லை.
கம்பெனி பஸ்ஸின் பின்கண்ணாடி உடைந்த வாரம்.
கேன்டீனில் புளியோதரை, அதனால் வெள்ளி.
ஓவர்டைம் சீட்டுகளைப் பரப்பி
ஹசீனாவின் காலண்டரோடு வைத்துப் பார்த்தேன்.
ஆகஸ்ட் ஒன்பது.
மூன்று மாதக் கெடுவில் மிச்சம் பதினோரு நாள்.

இடம்: ஸ்டோர், மூன்றாவது ரேக்குக்கும்
நான்காவதுக்கும் நடுவில்.
பெட்டி இறக்கிக்கொண்டிருந்தேன்.
இரண்டு கையும் தலைக்கு மேல்.
பெட்டியில் நாற்பது உருப்படி.
கீழே விழுந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள்.
நான் பெட்டியைப் போடவில்லை.
ஏன் கத்தவில்லை என்று கேட்பார்கள்,
நாற்பது என்று சொல்வேன்.

அடுத்த வரி:
பின்னால் வந்து இடுப்பில் தொட்டார்.

எழுதிய பிறகுதான் பார்க்கிறேன்.
கை தானாக 'ஆர்' போட்டிருக்கிறது.
வந்தார், சொன்னார், கையெழுத்துப் போட்டார் என்று
இரண்டு வருஷம் போட்டுப் போட்டுப் பழகிய ஆர்.

அடித்தேன். தொட்டான்.

ஹசீனா எட்டிப் பார்த்தாள்.
"ஆன் போட்டா கோபத்துல எழுதினதும்பாங்க."
கோபத்தில்தான் எழுதுகிறேன்.
'அந்த நபர்' என்று வைத்துப் பார்த்தேன்,
நபரும் 'தொட்டார்' என்றுதான் முடிகிறார்.
'எதிர்மனுதாரர்' இன்னும் மோசம்,
நாற்காலி போட்டு உட்கார வைத்த மாதிரி.
'கை பட்டது'ன்னு எழுதேன் என்றாள் லைன் லீடர்,
நல்லவள்தான்.
வெயில் பட்டது, தூறல் பட்டது,
கை பட்டது.

தெலுங்கில் 'வாடு' உண்டு, 'ஆயன' உண்டு,
இரண்டுக்கும் நடுவே 'அதனு' என்று ஒன்றும் உண்டு.
செக்போஸ்ட் தாண்டினால்
வணங்காமலும் வையாமலும்
ஒருவனைக் குறிக்க ஒரு சொல் கிடைக்கிறது.
இந்தப் பக்கம் எனக்கு அகப்படவில்லை.

சாட்சி, முகவரியுடன்.
பார்த்தவள் சென்னம்மா ஒருத்திதான்.
கேட்காமல் எழுத மனசில்லை.
போன் எடுத்தாள். குக்கர் சத்தம்.
புருஷன் ஏதோ கேட்டான், ஏதோ சொன்னாள்.
நான் வைத்துவிடப் போனேன்.
"ராஸ்கோ" என்றாள்.
எழுதிக்கொள்.
"சூளூர்பேட்டை. டோர் நம்பர் கூட ராஸ்கோ."

கரண்ட் வந்தது. ஃபேன் சுற்ற,
சீட்டுகள் எல்லாம் பறந்தன.
குனிந்து பொறுக்கும்போது வந்தது அந்த வரி:

என்னைத் தொட்டது
ஷிப்ட் இன்சார்ஜ் கோடேஸ்வர ராவ்.

தொட்டது.
தமிழ் டீச்சர் கேட்டால் தொழிற்பெயர் என்பேன்.
அஃறிணை என்று நினைத்துக்கொள்வது
என் சொந்த விஷயம்.

ஆறு பிரதி, எனக்கு ஒன்று.
ஏழுக்குக் காசு வாங்கிக்கொண்டாள் ஹசீனா,
அட்டையை மட்டும்
இருக்கட்டும் வைத்துக்கொள் என்றாள்.

மறுநாள் ஆபீஸில் மேடம்
எல்லாப் பக்கமும் புரட்டினார்.
'இருப்பதால்' ஒன்று இரண்டாம் பக்கத்தில் தப்பியிருந்தது.
ஸ்டாம்ப் பேட் காய்ந்துபோய்
மூன்று முறை குத்தி
என் பிரதியில் பாதி விழுந்தது:
பெறப்பட்டது.

யாரால் என்று அதில் இல்லை.

பேனாவை நீட்டினேன்.
"உங்க பேரு எழுதிக் கொடுங்க மேடம்.
தேதியும்."